தறிச் சத்தத்துக்கு அடியில் ஒரு குரல்

பிரபாவின் இடது கை நூலைத் தடவி விட்டுக்கொண்டிருந்தது. வலது கை சுழலும் தாரின் மேல் இருந்தது. தார் என்பது, தறியில் குறுக்கே ஓடி ஊடுநூல் போடும் நாடாவுக்குள் போகும் சின்ன நூல் குச்சி. நூல் ஏற ஏற அது விரலுக்கடியில் பருத்துக்கொண்டே வரும். போதுமான அளவு பருத்ததும் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த வெறுங்குச்சியைச் செருக வேண்டும். இந்த வேலைக்குக் கண் வேண்டியதில்லை. பிரபாவுக்குக் கண் தெரியாது என்பதால் வேலை ஒரு நாளும் நின்றதில்லை.

பக்கத்து மேசையில் அவளுடைய லேப்டாப் புது சிஸ்டத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. மத்தியானச் சோற்றுக்கு முன்னால் தொடங்கிய வேலை. முடிந்ததும் தானாக அணைந்து தானாக எழும். எழுந்ததும் பேச வேண்டும். திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அதில் உண்டு. அந்தக் குரல்தான் பிரபாவுக்குத் திரை. பழக்கமில்லாதவர் காதில் அது சட்டியில் பொரி பொரிகிற சத்தம்போல விழும். அவ்வளவு வேகத்தில் அவள் வைத்திருந்தாள்.

கூடை பாதிகூட நிரம்பவில்லை. இடையிடையே லேப்டாப்பின் மேல் வைத்துப் பார்த்த விரலுக்கு, அதன் விசிறி ஓய்ந்து மறுபடியும் ஓடத் தொடங்கியது தெரிந்தது. தார் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

குரல் வரவில்லை.

ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவள் உயிரை விட்டுவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டது. ஊரில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். அம்மா எல்லாவற்றையும் ஊற்றிப் பார்த்தாள். ஒன்றும் உருப்படவில்லை. அப்பா குமாரபாளையத்துத் தறிக்காரர். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை, மகளைத் தார் மிஷின் முன்னால் உட்கார வைத்தார். பிறகு சேலத்தில் விடுதியோடு இருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார். அங்கேதான் அவள் கம்ப்யூட்டர் படித்தாள். மௌஸைத் தொடாமல் விசைகளாலேயே எல்லா ஜன்னலையும் திறக்கவும் மூடவும் பழகினாள். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணன் கோகுல்ராஜ் லாரி ஓட்டுகிறான். முட்டை லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். முப்பத்து நான்கு வயதில் பிரபா வீட்டையும் தன்னையும் தானே பார்த்துக்கொள்கிறாள். பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை, காபி போட்டுக் கொடுப்பாள்.

நாளைக் காலை எட்டு மணிக்கு அவளுக்கு முதல் வேலை நாள். நாமக்கல்லில் கோழித்தீவனம் விற்கும் ஒரு கம்பெனிக்குப் பண்ணைக்காரர்கள் போன் செய்வார்கள். கோழி தண்ணீர் குடிக்கவில்லை, தீவனம் வரவில்லை, முட்டை ஓடு மெலிந்துவிட்டது என்பார்கள். அதைக் கேட்டுக் கம்பெனியின் மென்பொருளில் பதிந்து, உரிய ஆளுக்கு அனுப்ப வேண்டும். போன் எடுக்க அவளுடைய கைப்பேசி போதும். பதிவுதான் லேப்டாப்பில் மட்டுமே நடக்கும், அதுவும் புது சிஸ்டத்தில் மட்டும். அதற்காகத்தான் இந்த மாற்றமே. மேலாளர் செந்தமிழன் அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டிருந்தார். "ஒரு நாள் பாக்கலாங்க" என்பதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பேச்சு நின்றுபோன ஆளுக்கு முதலில் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரபாவும் அதைத்தான் செய்தாள். பக்கவாட்டுத் துளையில் கையை வைத்தாள். சூடான காற்று வந்தது. ஆள் பிழைத்திருக்கிறது. ஒலியை அடைக்கும் விசையை ஒருமுறை அழுத்தினாள், ஏற்றும் விசையைப் பலமுறை அழுத்தினாள். வாசிக்கும் மென்பொருளை மறுபடி எழுப்பினாள். பிறகு மொத்தமாக அணைத்து எழுப்பி, கடவுச்சொல்லைக் குருட்டாம்போக்கில் அடித்தாள். ஒன்றுமில்லை. ஒலி வரும் சல்லடைத் துளைகளின் மேல் விரல் வைத்துப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், அவள் தார் சுற்றிக் கொடுக்கும் அருணகிரியின் பட்டறையில் தறிகள் ஓடியதில் மேசையே நடுங்கிக்கொண்டிருந்தது. விரலுக்கு ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை.

கைப்பேசியைத் திரைக்கு நேரே பிடித்து வாசிக்கச் சொன்னாள். அது எல்லாச் சொல்லையும் அள்ளிக் கொட்டியதே தவிர, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லவில்லை. சர்வீஸ் கடைக்குப் போன் போட்டாள். "கொண்டாந்து உட்டுட்டுப் போங்க, மூணு நாள்ல பாத்துத் தாரோம்" என்றார்கள். இயர்போன் செருகும் துளை வேறு இந்த லேப்டாப்பில் எப்போதோ செத்துவிட்டது. இயர்போன் போட்டும் பயனில்லை.

கண் ஒன்று வேண்டும். பிரபா எழுந்து வாசலுக்குப் போய், எதிர்வீட்டை நோக்கிக் கையைத் தூக்கி ஆட்டினாள். கூப்பிட்டுப் பயனில்லை. எதிர்வீட்டு ராசாத்திக்குக் காது மந்தம். கல்யாணம் ஆனதிலிருந்து போன வருஷம்வரை தறி ஓட்டியவள். தறி அவளுக்குக் கூலியையும் கொடுத்தது, காதையும் எடுத்துக்கொண்டது.

"ஏம்புள்ள, பாம்பு கீம்பு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் ராசாத்தி. மெதுவாகப் பேச அவளுக்குத் தெரியாது.

பிரபா அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தை நேராகத் திருப்பினாள். உதடு தெரிந்தால்தான் ராசாத்திக்குப் பேச்சு புரியும். "பாம்பு இல்லீங்க்கா. லேப்டாப் பேச மாட்டேங்குது. உங்க கண்ணு கொஞ்சம் வேணும்."

"கண்ணு இருக்குது, இங்கிலீசு இல்லியே சாமி."

"எழுத்துத் தெரியுமில்ல?"

"ஏ, பி, சி, டி தெரியும். லாரி நம்பரெல்லாம் படிப்பேன்."

"அது போதும். வந்து உக்காருங்க."

பிரபாவின் விரல்கள் விசைகளின்மேல் ஓடின. லேப்டாப்பின் உள்கருவிகளின் பட்டியல் திறந்திருக்க வேண்டும். ராசாத்தி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள், பிரபா சொல்லாகக் கோத்தாள். பாதி வழியில் ராசாத்தி நிறுத்தினாள்.

"இதென்ன, ஒண்ணுக்கு மட்டும் மஞ்ச முக்கோணம் போட்டிருக்குது? உள்ளார ஒரு கோடு, அடியில புள்ளி. ரோட்டுல பள்ளம்னு போர்டு வெப்பாங்களே, அப்படி."

"எது பக்கத்துல?"

"எஸ், ஓ, யு, என், டி..."

"அதேதான்" என்றாள் பிரபா. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. "சவுண்டுக்கு இருக்கிற டிரைவர் புது சிஸ்டத்தோட ஒத்துப்போகல."

"டிரைவரா? நம்ம கோகுலாட்டமா?"

"ஆமாங்க்கா. வண்டி நல்லாத்தான் இருக்குது. ஓட்டறவன் சரியில்ல."

"அப்ப மாத்து அவன. வேற ஆளா கெடைக்காது?"

பிரபா முன்பு ஒலியை இயக்கிக்கொண்டிருந்த பழைய டிரைவர் மென்பொருளைத் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தாள். அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடப்பதாக ராசாத்தி சொன்னாள்; அழுத்தினாலும் வேலை செய்யாது. புதிதாக ஒன்றைத் தேடும்படி பிரபா சிஸ்டத்தையே கேட்டாள். இருப்பதே சிறந்தது என்று பதில் வந்தது. "திருடன்கிட்டயே கேட்டா அப்பிடித்தான் சொல்லுவான்" என்றாள் ராசாத்தி. இருந்ததை நீக்கிவிட்டு லேப்டாப்பை அணைத்து எழுப்பியும் பார்த்தார்கள். மஞ்சள் முக்கோணம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது பிரபாவின் கைப்பேசி அடித்தது. செந்தமிழன்.

"என்னங்க, நாளைக்கு ரெடிங்களா? சிரமம்னா இப்பவே சொல்லிருங்க. இங்க ராசிபுரத்துப் பையன் ஒருத்தன் கேட்டுட்டே இருக்கறான். உங்களுக்கு அப்புறமாப் பாத்துக்கலாம்."

அப்புறம் என்ற சொல்லைப் பிரபா நிறையக் கேட்டிருக்கிறாள். அப்படிச் சொன்ன யாரும் பிறகு கூப்பிட்டதில்லை. வாய் திறக்காத லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எட்டு மணிக்கு நான் இருப்பனுங்க சார்" என்றாள்.

போனை வைத்ததும் ராசாத்தி கேட்டாள்: "என்ன சொன்னான்?"

"ரெடியான்னு கேட்டாருங்க்கா. ரெடின்னேன்."

"அடிப்பாவி!" என்றாள் ராசாத்தி. கண்டிக்கிற குரலில்லை அது.

இன்னும் ஒரு வழி இருந்தது. எந்தக் கம்பெனி லேப்டாப்புக்கும் ஓரளவு பொருந்துகிற பொது டிரைவர் ஒன்று சிஸ்டத்துக்குள்ளேயே உண்டு. பட்டியலைத் திறந்து கையால் பொறுக்கி எடுத்துப் போட வேண்டும். இரண்டு பெயர் இருப்பதாக ராசாத்தி சொன்னாள். இரண்டாவதை எழுத்துக்கூட்டச் சொல்லி உறுதிசெய்துகொண்டு பிரபா அழுத்தினாள். ஒத்துவராமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. ஆம் என்று அடித்து, அணைத்து எழுப்பினாள்.

"முக்கோணம் போயிருச்சு!" என்று கத்தினாள் ராசாத்தி.

பிரபா காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். ஒலியை முழுக்க ஏற்றினாள். எந்தக் குரலும் இல்லை. "இல்லீங்க்கா. இந்த டிரைவரும் ஆகல" என்று சொல்லி, போட்டதை எடுத்துவிட்டாள்.

அது பெரிய தப்பு. தன் காதைப் பற்றி அவளுக்கு இருந்த பெருமையில் செய்த தப்பு. வாசலில் வருவது யார் என்று செருப்புச் சத்தத்தில் சொல்லுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் எந்தத் தறியில் நூல் அறுந்தது என்றுகூடச் சொல்லுவாள். அவள் காதில் விழாத ஒன்று இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சுற்றிச் சுற்றி வேறு எதையெல்லாமோ செய்து பார்த்துவிட்டு, வெளியே பால்காரரின் மணி கேட்கிற நேரத்தில் அதே பொது டிரைவருக்கே திரும்ப வந்தாள். மறுபடி போட்டாள். இந்த முறை ஒலி அமைப்பின் ஜன்னலையும் திறந்து வைத்தாள்.

"பச்சைக் கோடு ஒண்ணு ஏறி எறங்குது" என்றாள் ராசாத்தி.

"எங்க?"

"ஸ்பீக்கர் படத்துக்குப் பக்கத்துல. சத்தம் வருது புள்ள."

"வர்லீங்க்கா."

"வருதுங்கறேன்."

"எனக்குக் கேக்கலீங்களே. உங்களுக்குக் கேக்குதா?"

"எனக்கு எங்க கேக்குது? இடி உழுந்தாத்தான் திரும்பிப் பாப்பேன். கோடு ஆடுது, அதனால சொல்றேன்."

"செவுட்டுக் காதை வெச்சுக்கிட்டு என்ற காதைக் குத்தம் சொல்றீங்களா?"

"குருட்டுக் கண்ணை வெச்சுக்கிட்டு நீ என்ற கண்ணைக் குத்தம் சொல்லலியா?"

இருவரும் சிரித்தார்கள். ராசாத்தி விடவில்லை. "சித்த நேரம் கைய எடு. எடுத்தியா? கோடு படுத்துருச்சு. இப்ப அழுத்து. பாத்தியா, எந்திரிச்சு ஆடுது. நீ அழுத்தறப்பெல்லாம் அது என்னமோ சொல்லுது."

பிரபாவின் கை நின்றது. விசையை அழுத்தும்போது மட்டும் ஒலி அசைகிறது என்றால், அது திரையை வாசிக்கும் அவளுடைய குரல்தான். ஒவ்வொரு விசைக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

"அப்புறம் ஏனுங்க்கா கேக்க மாட்டேங்குது?"

"தறிக்குள்ள நின்னு குசுகுசுன்னு பேசினா எவளுக்குக் கேக்கும்? நாங்கெல்லாம் அங்க வாயைப் பாத்துத்தான் பேசினோம். வாயில்லாத பெட்டி இது, என்ன பண்ணும்?"

தறி. குமாரபாளையத்தில் தறிச் சத்தத்தை யாரும் சத்தத்தில் சேர்ப்பதில்லை. அது காற்றுபோல எப்போதும் இருப்பது. பழைய டிரைவர் லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரை உந்தித் தள்ளி உரக்கப் பேச வைத்திருந்தது. பொது டிரைவர் உள்ளதை உள்ளபடி கொடுக்கிறது, சன்னமாக. தெருவில் தறி நின்றால் கேட்டுவிடலாம். ஆனால் தறி நிற்பது கரண்ட் போகும்போது மட்டும். லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ போய்விட்டதால், கரண்ட் போனால் அதுவும் செத்துப்போகும். தறி ஓய்ந்த நேரத்தில் அந்த லேப்டாப் பேசி இந்த வீட்டில் யாரும் கேட்டதே இல்லை.

பிரபா சுவரைத் தடவிக்கொண்டு பின்கட்டு வழியாக அருணகிரியின் பட்டறை வாசலுக்குப் போனாள். ராசாத்தி கூடவே போனாள். அருணகிரி எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார்.

"ஏனுங்ணா, இந்தச் செவுத்தோரத் தறிங்கள ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்தறீங்களா?"

"நிறுத்தறதா? அம்முணி, பாதித் துண்டுல நிறுத்தி ஓட்டினா துணியில கோடு உழுகும். அந்தத் துண்டை எவன் எடுப்பான்? ஆமா, நான் கேட்ட தார் என்னாச்சு?"

"பாதி சுத்தியிருக்கறனுங்ணா. லேப்டாப்பு மக்கர் பண்ணிருச்சு. மீதி நாளைக்கு விடியறதுக்குள்ள உங்க வாசல்ல இருக்கும்."

"லேப்டாப்புக்கும் என்ற தறிக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்க தறி கத்தறதுல அது பேசறது எனக்குக் கேக்கலீங்ணா."

அருணகிரி வாய்விட்டுச் சிரித்தார். "தறிச் சத்தத்துல பொறந்து வளந்தவ கேக்கற கேள்வியா இது!" பிறகு யோசித்தார். ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கும் இடத்தில் கத்தரிக்கக் கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். அந்த இடத்தில் நிறுத்தினால் கோடு விழுந்தாலும் கத்தரியோடு போய்விடும். "துண்டு முடியற எடத்துல ஒவ்வொண்ணா நிறுத்தறேன். கடைசித் தறியும் நின்னதும் சைகை காட்டறேன். நான் ஒரு டீ குடிக்கற வரைக்கும்தான். டீ முடிஞ்சா தறி ஓடும்."

"மெதுவாக் குடிங்க" என்றாள் ராசாத்தி.

"உனக்குக் கேக்காதுன்னு நெனச்சு மெதுவாப் பேசினேன், எல்லாத்தையும் பாத்துட்டியா?" என்றார் அருணகிரி.

பிரபா வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். ராசாத்தி பின்கட்டு ஜன்னலில் நின்றாள். ஒரு தறி நின்றது. மேசையின் நடுக்கம் கொஞ்சம் தணிந்தது. இன்னொன்று நின்றது. பிறகு மற்றவை. தறிக்காரர்களின் கைபாஷை ராசாத்திக்குத் தாய்மொழி மாதிரி. அருணகிரி பட்டறையிலிருந்து கையைக் குறுக்கே வெட்டிக் காட்டியதும் அவள் பிரபாவின் தோளில் தட்டினாள்.

பிரபா விசையை அழுத்தினாள்.

கொசு ரீங்கரிப்பது போல, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, அவளுடைய குரல் பேசியது. எந்த ஜன்னலில் நிற்கிறாள் என்று சொன்னது. அவ்வளவு நேரமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பிரபா அதைக் கேட்டு ரசித்துக்கொண்டு உட்காரவில்லை. ஒரு டீ எவ்வளவு நேரம் தாங்கும்? சல்லடையருகே காதைக் கொண்டுபோய், விசைகளால் ஒலி அமைப்பின் உள்ளே இறங்கினாள். சன்னமான ஒலியைத் தூக்கிக் கொடுக்கிற தேர்வு ஒன்று பொது டிரைவரிலும் உண்டு என்று கம்ப்யூட்டர் பயிற்சியில் படித்திருந்தாள், தேவைப்பட்டதில்லை. தேடிப் பிடித்து அதில் குறி வைத்தாள். சரி என்ற பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த சொல் அறைந்தாற்போல வந்தது. அவள் காதை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏன், கடிச்சுதா?" என்றாள் ராசாத்தி.

"பேசுதுங்க்கா!"

"அதைத்தான நான் அப்பவே சொன்னேன்."

"சொன்னீங்க. நான்தான் கேக்கல."

சுவருக்கு அந்தப் பக்கம் முதல் தறி ஓடத் தொடங்கியது. அடுத்ததும் ஓடியது. எல்லாம் ஓடிய பிறகும் குரல் தறிக்கு மேலே கேட்டது. பிரபா கம்பெனியின் மென்பொருளைத் திறந்து, பொய்யாக ஒரு பண்ணைக்காரரின் பெயரையும் ஒரு குறையையும் அடித்து, சேமித்து, அழித்துப் பார்த்தாள். எல்லாம் நடந்தது. ராசாத்திக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். இந்தத் தடவை யாரோ ஏதோ கேட்டதற்காக அல்ல.

மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுந்து மீதித் தாரைச் சுற்றினாள். கூடையை அருணகிரியின் வாசலில் வைத்துவிட்டு வந்து குளித்தாள். லேப்டாப்பை எழுப்பியதும் அவள் செய்த முதல் காரியம், டிரைவரைத் தானாக மாற்றிக்கொள்ளும் உரிமையை சிஸ்டத்திடமிருந்து பிடுங்கியது. நலமாகிவரும் ஆளைக் கண்டவர் கையில் விடக்கூடாது. பிறகு அதை அணைத்து, தறிச் சுவரிலிருந்து தள்ளி, சமையலறை மேடைக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய், கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி எழுப்பி உட்கார்ந்தாள்.

எட்டு மணிக்குச் செந்தமிழன் கூப்பிட்டார். "என்னங்க பின்னால மழையா? சலசலன்னு கேக்குது?"

"தறிங்க சார். இந்த ஊர்ல வருசம் பூரா இந்த மழைதான். உங்க பின்னாலயும் என்னமோ கொக்கரிக்குது போல."

அவர் சிரித்துவிட்டு முதல் அழைப்பைத் திருப்பிவிட்டார். புதுச்சத்திரம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர். வெயிலில் கோழிகள் தீவனத்தைத் தொடவில்லை என்றார். பிரபா ஒரு காதில் அவரையும் மறு காதில் லேப்டாப்பின் குரலையும் கேட்டுக்கொண்டே அடித்தாள். கோழிகளுக்கு எத்தனை வாரம், தண்ணீர்த் தொட்டி வெயிலில் இருக்கிறதா நிழலில் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் சொல்லி முடித்தபோது பதிவும் முடிந்திருந்தது.

சில அழைப்புகளுக்குப் பிறகு செந்தமிழன் மறுபடி வந்தார். கனைத்துக்கொண்டார். "ராசிபுரத்துப் பையன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேங்க. நாளைக்கும் எட்டு மணிதான், தெரியுமில்ல?"

"தெரியுமுங்க சார்" என்றாள் பிரபா. அடுத்த அழைப்பு ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்தாள்.